நாலு விரல் மடிப்பு

1

இந்த மார்கழி பிறந்தால் நான் ஊரை விட்டு வந்து பதினெட்டு வருஷம். கனடாவின் மேற்குச் சமவெளியில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். நகரப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் மெக்கானிக் வேலை. ஊர் என்று நான் சொல்வது பேரையூர். மதுரையிலிருந்து டி. கல்லுப்பட்டி வந்து மேற்கே திரும்ப வேண்டும். பதினெட்டு வருஷத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வீடு வாங்கியது, குடியுரிமைக்கு வரிசையில் நின்றது என்று எவ்வளவோ இருக்கிறது. ஆனால் பேனாவை எடுத்ததும் ஒரு குதிரைப் போர்வைதான் முன்னால் வந்து நிற்கிறது. அதை எழுதி முடிக்காமல் மற்றதற்குப் போக முடியாது போலிருக்கிறது.

குதிரை என் மகள் மீனாவுடையது. அவளுக்குப் பதினாறு வயது. ஊருக்கு வெளியே இருக்கும் குதிரைப் பண்ணையில் சனி, ஞாயிறு போய்ச் சாணி அள்ளுகிறாள். பேரையூருக்கு அழைத்துப் போனால் என் அக்கா வீட்டு மாட்டுத்தொழுவம் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற அதே பிள்ளைதான். அவள் உழைப்பைப் பார்த்துப் பண்ணைக்கார அம்மாள், யாரும் வாங்க முன்வராத ஒரு நோஞ்சான் பெட்டைக்குட்டியை அவளுக்கே கொடுத்துவிட்டார். அதன் பெயர் பிஸ்கட். வயது ஒன்றரை.

எங்கள் பக்கம் குதிரை என்றால் அய்யனார் கோயில் மண்குதிரை. அதை விட்டால் சித்திரையில் அழகர் ஏறி வருகிற தங்கக்குதிரை. இரண்டும் தின்னாது, வளராது, குளிரில் நடுங்காது. உயிருள்ள குதிரை மூன்றையும் செய்யும் என்பது எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

2

புரட்டாசியில் பிஸ்கட்டுக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. வைத்தியர் நெஞ்சுக்குள் படம் எடுப்பதற்காக இரண்டு விலாவிலும் முடியை மழித்துவிட்டார். சாதாரணமாக இங்கே குதிரைகளுக்குக் குளிருக்கு முன்னால் தானாகவே அடர்ந்த முடி வளரும், போர்வையே தேவைப்படாது. இதற்கோ மழித்த இடம் மொட்டையாக நின்றது. உடம்போ எலும்பும் தோலுமாக இருந்தது. "இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டுமென்றால் போர்வை வேண்டும்," என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். தாண்டாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. மீனா அன்று இரவு சாப்பிடவில்லை.

கடையில் வாங்கிய முதல் போர்வை தோளில் இறுக்கிப் பிடித்தது. அதற்கு அடுத்த அளவு தொளதொளவென்று ஒரு பக்கமாகச் சரிந்து வயிற்றுக்கடியில் போய், குட்டி மிரண்டு முன்னங்கால் மடங்கி விழுந்தது. நெஞ்சு ஒடுக்கம், முதுகு நீளம், இரண்டு அளவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வயசு. அளவு கொடுத்துத் தைத்து வாங்கலாம் என்றால் தைமாதம் ஆகும் என்றார்கள்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் எனக்கும் மகளுக்கும் பேச்சு சுருங்கிப் போயிருந்தது. "சாப்டியா?" என்பேன். "ம்" என்பாள். அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்று, "அப்பா, இதுக்கு உங்களால ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்த மாசம் அத்தை மக கல்யாணத்துக்கு ஊருக்குப் போறேன்ல? மதுரைல குடுத்தா ரெண்டே நாள்ல தச்சுத் தருவாங்க. நீ அளவை மட்டும் குடு," என்றேன். குதிரைப் போர்வையை மதுரையில் யார் தைப்பார் என்று எனக்குத் துளியும் தெரியாது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். என் மகள் இறங்கிவிட்டாள்.

3

ஐப்பசியில் ஊரில் இருந்தேன். மழை ஏமாற்றிய ஐப்பசி. புழுக்கம் ஆளைக் கொன்றது. என் போனில் எப்போதும் இரண்டு ஊரின் வெப்பநிலை இருக்கும். கனடாவில் இருக்கும்போது மதுரையில் மழையா என்று பார்ப்பேன். ஊருக்கு வந்தால் கனடாவில் எத்தனை டிகிரி இறங்கியது என்று பார்ப்பேன். எந்த ஊரில் உட்கார்ந்தாலும் பாதி உடம்புதான் உட்காருகிறது. கல்யாண வீட்டில் பந்தக்கால் ஊன்றுகிறார்கள், நான் ஓரமாக நின்று போனைப் பார்த்து, "ஐயோ, பூஜ்யத்துக்குக் கீழ போயிருச்சே" என்கிறேன்.

அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஏன்டா தம்பி, தாய்மாமன் சீர் தூக்கிட்டு வர வேண்டியவன் குதிரைக்குச் சட்டை தைக்கப் போறேன்னு மதுரைக்கும் பேரையூருக்கும் அலைஞ்சா, சம்பந்தக்காரவுக என்னடா நெனப்பாக?"

"போர்வைக்கா, சட்டை இல்ல."

"ஆமா, ரொம்ப முக்கியம். அம்புட்டுக் குளிருன்னா அந்தக் குதிரையை இங்கிட்டுக் கொண்டாந்து கட்டு."

மதுரையில் விளக்குத்தூணுக்குப் பக்கத்துச் சந்துகளில் இரண்டு நாள் அலைந்தேன். ரெயின்கோட் தைப்பவர் சிரித்தார். மெத்தைக் கடைக்காரர் இலவம்பஞ்சு போட்டுத் தருகிறேன் என்றார். அது நனைந்தால் குதிரை மேல் இன்னொரு குதிரை ஏறியது மாதிரி ஆகிவிடும். மூன்றாவதாக ஒரு கடை. லாரித் தார்ப்பாயும் பள்ளிக்கூடப் பையும் தைக்கிற கடை. கடைக்காரர் ஜமால் பாய் மிஷினில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"சொல்லுங்கண்ணே, லாரிக்கா, லோடு வேனுக்கா?"

"குதிரைக்கு."

மிஷின் நின்றது. "கல்யாண ஊர்வலத்துக்கா? ஜிகினா வச்சுக் கேப்பாங்க. அதுவா?"

"இல்ல பாய். குளிருக்குப் போர்வை."

ஜமால் பாய் தோளில் கிடந்த துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

மீனாவை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் படம் வரைந்து அனுப்பியிருந்தாள்: நெஞ்சு நடுவில் இருந்து வால் வரை, கழுத்தடியில் இருந்து முதுகுமேடு வரை. ஜமால் பாய் கேட்ட கேள்விகள் எனக்குத் தோன்றாதவை.

"பாப்பா, குனிஞ்சு புல்லு மேயும்போது தோளு முன்னாடி வருமா, பின்னாடி போகுமா?"

"முன்னாடி வரும் அங்கிள். அதுனாலதான் அந்தக் கடைத் துணி டைட் ஆச்சு!"

"அப்ப தோளுக்கு நேரா மடிப்பே வரக் கூடாது. தட்டையா இருக்கணும். அப்படித்தானே?"

"எக்ஸாக்ட்லி அங்கிள்!"

கால்மணி நேரம் பேசினார்கள். அந்தக் கோடைகாலம் முழுக்க என்னிடம் அவள் பேசியதைவிட அது அதிகம். அவள் தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது. வராத இடத்தில் கையால் காட்டினாள். அவர் அதையும் தலையாட்டிப் புரிந்துகொண்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா.

பழைய சாக்கில் மாதிரி வெட்டி, தெருக்கோடியில் கட்டியிருந்த ஊர்வலக் குதிரை மேல் போட்டு வார் எங்கே வர வேண்டும் என்று பார்த்தோம். குதிரைக்காரர் பதறிவிட்டார். "யோவ், வெயிலு மண்டையைப் பொளக்குது, சாக்கைப் போத்துறீங்களே, வெந்து போகுமய்யா!" அதுவும் பாவம், எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது.

4

இனி என் தப்பு.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் இப்போதைய உடம்புக்குத் துணி போட்டதில்லை. "வளர்ற புள்ள, தாராளமா வச்சுத் தைங்க" என்ற வாக்கியத்தைக் கேட்காத தையல்காரர் மதுரை ஜில்லாவில் கிடையாது. கால்சட்டையின் அடியில் நாலு விரல் உள்ளே மடித்துத் தைத்திருப்பார்கள். அடுத்த வருஷம் பிரித்து இறக்குவார்கள். வெளுக்காத நீலத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை வைத்தே யார் எந்த வருஷத்துத் துணியோடு ஓட்டுகிறான் என்று சொல்லிவிடலாம். எனக்கு ஒரே கால்சட்டையில் இரண்டு கோடு இருந்தது. அதை நான் வறுமை என்று நினைக்கவில்லை. எங்கள் அப்பாவின் சாமர்த்தியம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மீனா போனை வைத்ததும் ஜமால் பாய் பக்கம் குனிந்தேன். "பாய், ஒண்ணு. வளர்ற புள்ள."

அவருக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. "வேணாம்ணே," என்றார் உடனே.

"தோளுக்கு ரெண்டு பக்கமும் நாலு விரல் உள்ள பிடிச்சு வைங்க. அடுத்த வருசம் பிரிச்சுக்கிருவோம்."

"அந்தப் பாப்பா என்ன சொல்லுச்சு? தோளுக்கு மடிப்பு வேணாம்னுச்சுல்ல? மனுசப் புள்ளைன்னா உறுத்துனாச் சொல்லிரும். இது வாயில்லாத சீவன்ணே."

"உள்ளதான் மெத்துமெத்துன்னு துணி கொடுக்குறீங்களே பாய். நாலு விரல்தான. அடுத்த வருசம் அவ கடைகடையா அலைவா, அப்ப நான் பிரிச்சுக் காட்டணும். அவளுக்குத் தெரியாம இருக்கட்டும்."

"ஒரு வார்த்தை கேட்டுக்கங்களேன்."

"நான் சொல்றேன்ல."

ஜமால் பாய் நூல்கண்டை மாற்றினார். "சரி. உங்க குதிரை."

5

கனடா விமான நிலையத்தில் ஒரு கேள்வி உண்டு: பண்ணைக்குப் போனீர்களா, கால்நடைகளோடு பழகினீர்களா? பொய் சொல்லப் பயம். ஆமாம் என்றேன். தனியறைக்கு அனுப்பினார்கள். என் செருப்பின் அடியில் இருந்த கரிசல் மண்ணை ஒரு பெண் அதிகாரி மருந்து போட்டுத் தேய்த்துக் கழுவினார். பேரையூர் மண் கறுப்பாகக் கரைந்து சாக்கடைக் குழிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு போர்வையை விரித்தார். பச்சை நிறம், ஓரத்தில் மஞ்சள் பட்டை, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு. அவர் கை தடவிக்கொண்டே வந்து மடிப்பில் நின்றது. "இங்கே தடிப்பாக இருக்கிறதே, என்ன மறைத்து வைத்திருக்கிறீர்கள்?"

"துணி," என்றேன்.

"துணிக்குள் துணியையா?"

"குதிரை வளரும்," என்றேன். என் ஆங்கிலத்தில் அதற்கு மேல் விளக்க வரவில்லை. போர்வையை எக்ஸ்ரே பெட்டிக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். துணிதான் இருந்தது. நான் மாறி ஏற வேண்டிய விமானம் கிளம்பிப் போய்விட்டது. ஆறு மணி நேரம் நாற்காலியில் அந்தப் போர்வையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது பிஸ்கட்டுக்கு அளவெடுத்தது போல இருந்தது. அளவெடுத்ததுதானே! மீனா வார்களை மாட்டிவிட்டு இரண்டு தடவை சுற்றி வந்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். கடைசியாக எப்போது கட்டிக்கொண்டாள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. பண்ணைக்கார அம்மாள் வந்து தைத்தவர் யார் என்று விசாரித்தார். ஒரு வாரம் பணிமனையில் என் காலே தரையில் பாவவில்லை. உள்ளே இருக்கும் நாலு விரலை நினைத்து நினைத்து, அடுத்த வருஷம் அதைப் பிரிக்கும்போது மீனாவின் முகம் எப்படி இருக்கும் என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

6

சனிக்கிழமை பகல். ஒரு பேருந்துக்கு அடியில் படுத்திருந்தேன். மீனா கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"அப்பா, பிஸ்கட்டுக்குத் தோள்ல ரெண்டு சைடும் முடி போயிருச்சு. ஸ்கின் சிவப்பா, ஒரு இடத்துல ரத்தம். தொட்டா உதறுது. துணிக்கு உள்ள மொத்தமா என்னமோ இருக்குப்பா. போர்வையைக் கழட்டிட்டேன். வெளிய மைனஸ் இருபது."

கையில் இருந்த ஸ்பானரைத் தரையில் வைத்தேன்.

"டெய்லர் தப்பாத் தச்சுட்டாரா?"

பேருந்துக்கு அடியில் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. "அப்படித்தான் போல," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற ஒரு மனிதர் மேல் பழியைப் போடுவது மாதிரிச் சுலபம் உலகத்தில் கிடையாது.

அன்று முழுக்கப் பிஸ்கட்டைத் தொழுவத்துக்குள் அடைத்து, வைக்கோலைக் குவித்து, மீனாவின் பழைய கம்பளியைப் போட்டு வைத்தார்கள். கம்பளி நிற்கவில்லை. மறுநாள் ஞாயிறு காலை ஊசி, தடித்த நூல், கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டு நானும் மீனாவும் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் பனி.

"ஜமால் அங்கிளுக்கு நேத்தே வாய்ஸ் அனுப்பினேன்," என்றாள் மீனா. "திட்டலைப்பா. அடுத்து யாருக்காவது தச்சா ஃபோல்டு வைக்காதீங்கன்னு சொன்னேன். நைட் ரிப்ளை வந்துச்சு." போட்டுக் காட்டினாள். பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்டது.

"பாப்பா, நல்லா இருக்கியாம்மா? கேட்டேன்மா. என் தப்புதான். நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன். அப்பாவை ஒண்ணும் சொல்லிராத, அவரு பாவம், உனக்காக ரொம்ப அலைஞ்சாரு. குட்டிக்குப் புண்ணு ஆறுனதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லும்மா. துஆ செய்யுறேன்."

"ஸோ நைஸ், இல்லப்பா?" என்றாள்.

காரை ஓரங்கட்டினேன். இரண்டு பக்கமும் வெள்ளைவெளேரென்று வயல். "மீனா, அவர் தப்பு இல்ல. அவர் வேணாம்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. நாந்தான் வைக்கச் சொன்னேன். நேத்து உன்கிட்ட பொய் சொன்னேன்."

"ஏன் வைக்கச் சொன்னீங்க?"

"வளரும்ல. அடுத்த வருசம் பிரிச்சு விட்டா உனக்கு ஆச்சரியமா இருக்கும்னு."

அவள் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. "போலாம்ப்பா, அதுக்குக் குளிரும்," என்று மட்டும் சொன்னாள். பண்ணை வரும்வரை போனில் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தாள். ஜமால் பாய்க்குத்தான் என்று பிறகு தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாள், என் சார்பிலும் சேர்த்து.

7

சேணம் மாட்டி வைக்கிற அறையில் ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. அதன் முன்னால் தரையில் போர்வையைப் புரட்டிப் போட்டு உட்கார்ந்தோம். நான் மடிப்பைப் பிரித்தேன். ஜமால் பாயின் தையல் அவ்வளவு நெருக்கம்; அரைமணி நேரம் ஆயிற்று. பிரித்ததும் போர்வை நாலு விரல் நீண்டு தொளதொளத்தது.

"வெட்டிரலாம்," என்றேன். சொல்லும்போதே எனக்கு வலித்தது. எங்கள் வீட்டில் யாரும் மடிப்பை வெட்டியது கிடையாது.

மீனா துணியை இழுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். "ஏன் வெட்டணும்? வெளிப்பக்கமா மடிச்சுத் தச்சா? உள்ள ஃப்ளாட்டா இருக்கும். அடுத்த வருஷம் பிரிச்சுக்கலாம்."

"வெளிய தெரியுமேம்மா."

"தெரிஞ்சா என்ன?"

மடிப்பு வெளியே தெரியக் கூடாது என்பது எங்கள் அப்பா காலத்துச் சட்டம். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

அவள் பிடித்துக்கொள்ள, நான் தைத்தேன். பஸ் எஞ்சினுக்குப் பழகிய கை. தையல் கோணல்மாணலாகத்தான் போயிற்று. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திருப்பியபோது அவள் சொன்னாள்.

"எனக்கும் இருந்துச்சுப்பா."

"எது?"

"ஃபோல்டு. ஒண்ணாங்கிளாஸ்ல அந்த நீல ஜாக்கெட். கைல உள்பக்கம் மடிச்சுத் தச்சு விட்டீங்க."

நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்று குளிர்காலம் வந்த ஜாக்கெட் அது. அதைப் பற்றி ஊருக்குப் போன் செய்து அக்காவிடம்கூடப் பெருமை அடித்திருக்கிறேன்.

"ரொம்ப உறுத்தும். ஸ்கூல் போனதும் கழட்டிருவேன். வெளிய விளையாடும்போது டீச்சர் போடச் சொல்வாங்க."

"சொல்லியிருக்கலாமேடா."

அவள் நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எல்லார்கிட்டயும் மூணு வருஷம் போடலாம்னு சொல்லிட்டு இருந்தீங்க. அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்கப்பா."

ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன். பக்கத்துத் தொழுவத்தில் பிஸ்கட் தரையைத் தட்டும் சத்தம் கேட்டது, காத்திருக்கிறது. அவள் கையை எடுத்து, கையுறையைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. பத்து வருஷம் ஆகிறது, எப்படி இருக்கும்? இருந்தாலும் கட்டைவிரலை வைத்துக் கேட்டேன்.

"இங்கயா?"

"இல்லப்பா," என்றாள். "கொஞ்சம் மேல."

விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினேன்.